லாயத்து வாசலில் நின்றுவிட்ட குதிரை

நுவரெலியாவின் கிறகரி வாவிக்கரைக்குப் போனவர்கள், பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மெல்ல நடந்து செல்லும் மட்டக் குதிரைகளை அங்கே கண்டிருப்பார்கள். ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் இக்குதிரைகளுக்கும் அவற்றை நடத்துவோருக்கும் ஓய்வே இல்லை. புத்தாண்டு விடுமுறையைக் கழிப்பதற்காக நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் மக்கள் மலையேறி வருவார்கள். அந்தச் சில வாரங்களில் கிடைக்கும் வருமானத்தைக் கொண்டே மழை மாதங்களைச் சமாளிக்கும் குடும்பங்கள் உண்டு.

அப்படியான ஒரு குடும்பத்தை ஒரு மார்ச் மாத ஆரம்பத்தில் நாம் சந்தித்தோம். அவர்களிடம் இரண்டு மட்டக் குதிரைகள் இருந்தன. அவற்றில் மூத்தது ராணி. சாந்தமான பெண் குதிரை. மூன்று வாரங்களுக்கு முன்னர் கான் ஒன்றுக்குள் கால் இறங்கியதில் ராணியின் முன்னங்கால் ஒன்று சுளுக்கி, முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக வீங்கிவிட்டது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, தசைநாண் கிழிந்திருக்கிறது என்றும், எட்டு வாரங்களுக்கு லாயத்துக்குள் வைத்தே ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். முதல் இரண்டு வாரமும் முழு ஓய்வு. அதன் பின்னர் நாளுக்கு இரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம், கையில் பிடித்து நேராக நடத்திவிட்டுத் திரும்பவும் அடைத்துவிட வேண்டும். இதுவே வைத்தியரின் கட்டளை.

அந்த வைத்தியர் ராணியைப் பார்வையிடச் சென்ற ஒரு நண்பகலில் நாமும் அவரோடு போயிருந்தோம். ராணி வெளியே வந்தது, ஐந்து நிமிடம் நன்றாகவே நடந்தது. திரும்பி வந்து லாயத்து வாசலில் கால் வைக்கும் இடத்தில் நின்றுவிட்டது. தலை மேலே உயர்ந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்தன. உரிமையாளர் கயிற்றை இழுத்தார். அது பின்னால் போனது. அவருடைய மகன் பின்பக்கமாக வந்து தடியை ஓங்கினான். ராணி முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து, சுழன்று, காயப்பட்ட காலிலேயே முழுப் பாரத்துடன் இறங்கியது.

"வேணும்னே செய்யுதுங்க டொக்டர் ஐயா. வெளியே வாறதுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. உள்ளே போன்னா மட்டும் கல்லு மாதிரி நிக்குது. பிடிவாதம்" என்றார் உரிமையாளர். உண்மையைச் சொன்னால், பார்த்துக்கொண்டிருந்த நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

வைத்தியர் கோபிக்கவில்லை. "கயிறைத் தளர விடுங்க தம்பி. மகன், நீங்க தடியைப் போட்டுட்டு இந்தப் பக்கம் வாங்க" என்றார். குதிரை அமைதியடைந்ததும் அவர் சொன்னது எம்மை வியக்க வைத்தது: "தம்பி, இப்ப நீங்க உள்ளே போய் நில்லுங்க. நின்னு என்ன தெரியுது, என்ன மணக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க."

அன்று அந்த லாயத்து வாசலில் நாம் கற்றவற்றையும், பின்னர் தேடி அறிந்தவற்றையும் இங்கே தருகின்றோம். குதிரை வைத்திருப்போர் எமது வாசகர்களுள் மிகச் சிலரே. ஆயினும் நோயுற்ற மாட்டையோ கழுதையையோ கொட்டிலுக்குள் கட்டி வைத்துப் பராமரிக்க நேர்ந்த எவருக்கும் இவை பயன்படும் என நம்புகின்றோம்.

ஓய்வு ஏன் இத்தனை முக்கியம்?

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. தோல், எலும்பு, தசைநாண், இணைநார் ஆகியனவே அங்கு உள்ளன. மேலே உள்ள தசைகளின் இழுவையைக் குளம்புவரை கொண்டு செல்வது கயிறு போன்ற இந்தத் தசைநாண்களே. இவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே காயம் ஆறுவதும் தாமதம்.

தசைநாண் கிழிந்தால் முதலில் வீக்கமும் சூடும் தோன்றும். பின்னர் அந்த இடத்தில் புதிய இழைகள் உண்டாகின்றன. ஆரம்பத்தில் இவை பலவீனமானவை. ஒழுங்கின்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பவை. மாதக் கணக்கில் சிறிது சிறிதாக நடத்தி வந்தால்தான் இழைகள் இழுவையின் திசைக்கு ஒழுங்காகிப் பலமடையும். அதனால்தான் வைத்தியர் முழுமையாக அடைத்து வைக்கவும் சொல்வதில்லை, அவிழ்த்துவிடவும் சொல்வதில்லை. ஐந்து நிமிட நடை மருந்து. ஐந்து நொடித் துள்ளல் நஞ்சு.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. வெளியே நடத்துவது என்றால் ஒவ்வொரு முறையும் திரும்ப உள்ளே கொண்டுபோக வேண்டும். நாளுக்கு இரு தடவை என்றால் ஆறு வாரத்தில் எண்பத்து நான்கு தடவைகள். ஒவ்வொரு தடவையும் வாசலில் போராட்டம் நடக்குமானால் அந்த ஓய்வினால் பயன் என்ன? வலி குறைக்கும் மருந்து கொடுக்கப்பட்ட குதிரையிடம் ஆபத்து இன்னும் அதிகம். வலி தெரியாததால் தன் கால் ஆறிவிட்டதாகவே அது நடந்துகொள்ளும்.

குதிரையின் கண்ணால் பார்த்தல்

உள்ளே போய் நின்ற உரிமையாளர் முதலில் சொன்னது, "ஒண்ணுமே தெரியலீங்க ஐயா, இருட்டு" என்பதே. நண்பகல் வெயிலிலிருந்து உள்ளே போன அவருக்குக் கண் பழகச் சில கணங்கள் எடுத்தன. குதிரைக்கோ இது நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். இரவில் மங்கிய ஒளியிலும் நன்றாகப் பார்க்கக் கூடிய கண் அதனுடையது. ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறுவதில் அது மிக மெதுவானது. ஆகவே வெயிலில் நிற்கும் குதிரைக்கு லாயத்து வாசல் என்பது ஒரு கரிய குழியாகவே தோன்றலாம். அதன் அடி எங்கே, உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது காணும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே, மூக்கின் கீழே ஒரு சிறு பகுதியையும், வாலுக்கு நேர் பின்னே ஒரு பகுதியையும் அதனால் காண முடியாது. வாசற்படியை அது தலையைத் தாழ்த்தித்தான் பார்க்க வேண்டும். நாமோ கயிற்றை இறுக்கித் தலையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு "போ, போ" என்கின்றோம். போகும் இடத்தைப் பார்க்க விடாமலே போகச் சொல்கின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவதாக அவர் உணர்ந்தது மணம். மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நின்ற குதிரையின் சிறுநீர் தரையில் ஊறி, அமோனியா கண்ணைக் கரித்தது. முன்னர் பகலெல்லாம் குதிரை வாவிக்கரையில் நின்றதால் ஒரு நாளைக்கு ஒருமுறை கூட்டியது போதுமாக இருந்தது. இப்பொழுது அது இருபத்து நான்கு மணி நேரமும் உள்ளேயே நிற்கின்றது என்பதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது, கதவு நிலை. வாசல் ஒடுக்கம். நிலையின் ஒரு பக்கத்தில் தாழ்ப்பாள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வைத்தியர் ராணியின் இடுப்பெலும்பைத் தடவிக் காட்டினார். அங்கே மயிர் உதிர்ந்த ஒரு தழும்பு. என்றோ ஒரு நாள் அவசரமாக உள்ளே போகையில் அடிபட்டிருக்கிறது. தனக்கு நோவு ஏற்பட்ட இடத்தைக் குதிரை இலகுவில் மறப்பதில்லை.

நான்காவது காரணம் லாயத்தில் அல்ல, பக்கத்து அறையில் இருந்தது. அந்த அறை வெறுமையாகக் கிடந்தது. இரண்டாவது குதிரை காலையிலேயே வாவிக்குப் போய்விடும். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. திறந்த வெளியில் கூட்டத்தோடு நிற்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. தனியே ஓர் இருட்டறைக்குள் அகப்படுவது ஆபத்து. எத்தனை தலைமுறை மனிதரோடு வாழ்ந்தாலும் இந்த உணர்வு அதனை விட்டுப் போகவில்லை.

"பிடிவாதம்னு ஒண்ணைச் சொன்னீங்களே தம்பி, நான் நாலு காரணம் எண்ணிட்டேன்" என்றார் வைத்தியர்.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் எப்போதும் பார்க்க வேண்டும் என்று அவர் கூறினார். அதுதான் வலி. படியேறும்போதோ, ஒடுக்கமான இடத்தில் திரும்பும்போதோ காலோ குளம்போ முதுகோ நோவதாலும் குதிரை மறுக்கலாம். கண்பார்வை குன்றிய குதிரையும் இருட்டான இடத்துக்குள் போகத் தயங்கும். முன்பு சாதாரணமாகப் போய் வந்த குதிரை திடீரென மறுக்குமானால் முதலில் வைத்தியரிடமே காட்ட வேண்டும்.

நாமே கற்றுக்கொடுக்கும் பாடம்

ராணி முதல் நாளே இரண்டு காலில் எழும்பவில்லை. முதல் நாள் சற்றுத் தயங்கியது. இழுத்தார்கள்; பின்வாங்கியது. மறுநாள் பலமாக இழுத்தார்கள், தலையை உதறியது. ஒரு நாள் எழும்பியது. எழும்பியதும் உரிமையாளர் பயந்து கயிற்றை விட்டார். அந்தக் கணத்தில் குதிரை ஒன்றைக் கற்றுக்கொண்டது: எழும்பினால் இழுவை நிற்கும்.

குதிரை பெரும்பாலும் கற்பது இந்த வழியிலேதான். அழுத்தம் வருகின்றது, அது எதையாவது செய்து பார்க்கின்றது, எதைச் செய்தபோது அழுத்தம் நின்றதோ அதையே மறுமுறையும் செய்கின்றது. முன்னே ஓர் அடி வைத்தபோது கயிறு தளர்ந்தால் முன்னே வரப் பழகும். பின்னே போனபோது தளர்ந்தால் பின்னே போகப் பழகும். பழிவாங்கும் எண்ணமோ வஞ்சகமோ இதில் இல்லை.

நமது உடலின் சிறு அசைவைக்கூடக் குதிரை எவ்வளவு நுணுக்கமாக அறியும் என்பதற்குப் புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. ஜேர்மனியின் பேர்ளின் நகரில் வில்ஹெல்ம் பொன் ஒஸ்ரன் என்பவரிடம் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டிச் சரியான விடை சொல்லும் என்று 1904 இல் அது உலகப் புகழ் பெற்றது. ஒஸ்கார் பூங்ஸ்ற் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1907 இல் உண்மையை வெளியிட்டார். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது. தட்டல் சரியான எண்ணிக்கையை எட்டியதும் கேள்வி கேட்டவர் தம்மை அறியாமலே தலையைச் சற்று அசைத்தார். அதைக் கண்டே குதிரை நிறுத்தியது. தலையின் அந்த மெல்லிய அசைவைக் காணும் பிராணி, "இன்றைக்கும் சண்டைதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசலை நெருங்கும் மனிதனின் இறுகிய தோளைக் காணாதா?

செய்ய வேண்டியவை

அன்று பகல் ராணியை உள்ளே விடக் குடும்பத்தார் வேறொன்றும் செய்யவில்லை. வாவிக்குச் சென்ற இரண்டாவது குதிரையை அழைத்து வரச் சொன்னார் வைத்தியர். அது பக்கத்து அறைக்குள் போனது. ராணி வாசலில் சிறிது நேரம் நின்று, தலையைத் தாழ்த்தி நிலத்தை மணந்து, பின் தானாகவே உள்ளே போனது. ஆனால் காலில் மீண்டும் சூடு ஏறியிருந்தது. வைத்தியர் நடையை நிறுத்தி, மேலும் ஒரு வாரம் முழு ஓய்வு என்றார். வாசலில் நடந்த அந்தப் போராட்டத்தின் விலை ஒரு வாரம். இன்னும் பெரிதாக இல்லாமற் போனது அதிர்ஷ்டமே.

அந்த வாரத்தில் லாயம் திருத்தப்பட்டது. அதன் பின் பின்பற்றிய முறையை ஒழுங்காகத் தருகின்றோம்.

1. முதலில் இடத்தைத் திருத்துக. பின்சுவரில் அடைத்திருந்த பலகையை எடுத்து யன்னலாக்கினார்கள். வாசலுக்கு நேரே வெளிச்சம் வந்ததும் கரிய குழி அறையாகியது. மின்விளக்கு வைப்பதானால் குதிரைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். வயரும் எட்டக் கூடாது. கதவு வெளிப்புறமாக முழுவதும் திறக்க வேண்டும். வாசல் குறைந்தது 4 அடி அகலமாவது இருத்தல் நன்று. நீட்டி நிற்கும் ஆணி, தாழ்ப்பாள் எதுவும் இருக்கக் கூடாது. மட்டக் குதிரைக்கு 10 அடிக்கு 10 அடியும், பெரிய குதிரைக்கு 12 அடிக்கு 12 அடியும் கொண்ட அறை பொதுவாகச் சிபார்சு செய்யப்படுகின்றது.

2. வாசற்படியை மறைத்துவிடுக. உள்ளே போடும் வைக்கோலையோ மரச்சீவலையோ வாசலுக்கு வெளியேயும் சிறிது தூரம் பரப்பிவிட்டால், வெளித்தரைக்கும் உள்தரைக்கும் உள்ள வேறுபாடு மறையும். வாசலில் தண்ணீர் தேங்கி மினுங்கினால் அதையும் அகற்ற வேண்டும்.

3. துணையை அருகில் வைத்திருக்குக. நடத்தும் இரு வேளையும் மற்றக் குதிரை பக்கத்து அறையில் நிற்கும்படி ஒழுங்கு செய்தார்கள். அதனால் அது காலையில் அரை மணி நேரம் பிந்தியே வாவிக்குப் போனது. வேறு குதிரை இல்லாதவர்கள் ஆட்டையேனும் துணைக்கு விடலாம். பந்தயக் குதிரைகளுக்கு ஆட்டைத் துணையாக வைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் நெடுங்காலமாக உண்டு.

4. குதிரையின் முன்னால் நின்று முகத்துக்கு முகம் பார்த்து இழுக்க வேண்டாம். அதன் தோளருகே நின்று, போக வேண்டிய திசையை நீங்களும் பார்த்து நடவுங்கள். நின்றால் நீங்களும் நில்லுங்கள். தலையைத் தாழ்த்திப் பார்க்கவும் மணக்கவும் நேரம் கொடுங்கள். பின்னர் கயிற்றில் மெல்லிய, மாறாத இழுவை கொடுங்கள். முன்னே ஓர் அடி வைத்தால், ஏன், உடல் முன்னே சாய்ந்தாலே போதும், அக்கணமே கயிற்றைத் தளர்த்துங்கள். இந்தத் தளர்த்தல்தான் குதிரைக்குப் புரியும் மொழி.

5. பின்வாங்கினால் அதனோடு சேர்ந்து பின்னே நடவுங்கள். அதே மெல்லிய இழுவை மாறாமல் இருக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நின்றதும் தளர்த்துங்கள்.

6. உள்ளே போனதும் நல்லது நடக்கட்டும். ஒரு கைப்பிடி புல், ஒரு துண்டுக் கரட். நுவரெலியாவில் கரட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வட்டமாக வெட்டினால் தொண்டையில் சிக்கக் கூடும், நீளவாக்கில் வெட்ட வேண்டும். உள்ளே போன மறுகணமே கதவைச் சாத்திவிட்டுப் போய்விடாதீர்கள். கட்டு அவிழ்த்தல், ஊசி போடுதல் போன்ற நோவு தரும் காரியங்களையும் உள்ளே போன உடனே செய்யாதீர்கள். சிறிது நேரம் கூட நின்று கழுத்தைத் தடவிக் கொடுங்கள்.

7. அவசரம் உள்ள வேளையில் பழக்க முயல வேண்டாம். நடைக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் நடை, மிகுதி வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கூட்டுவதானால் வைத்தியரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

செய்யக் கூடாதவை

கயிற்றைக் கையில் சுற்றிக் கொள்ளக் கூடாது. 250 கிலோ எடையுள்ள ஒரு மட்டக் குதிரை திமிறினால் விரல்கள் மிஞ்சா. கையுறையும் பலமான சப்பாத்தும், இயலுமாயின் தலைக்கவசமும் அணிவது நல்லது. வாசலுக்கும் குதிரைக்கும் நடுவே நிற்கக் கூடாது. மனம் மாறி ஒரே பாய்ச்சலாக உள்ளே பாயும் குதிரை நடுவில் நிற்பவரை நசுக்கிவிடும். நேர் பின்னால் நிற்கவும் கூடாது. அது குதிரையின் கண்ணுக்குத் தெரியாத இடமும், உதை விழும் இடமும் ஆகும்.

கண்ணைக் கட்டி இழுப்பது, வாலைப் பிடித்துத் தள்ளுவது, பின்னால் நின்று அடிப்பது ஆகியவற்றைக் காயப்பட்ட காலோடு நிற்கும் குதிரையிடம் ஒருபோதும் செய்யக் கூடாது. அடிக்குப் பயந்து அது ஒருநாள் உள்ளே போகலாம். ஆனால் அந்த வாசலோடு அடியும் சேர்ந்தே அதன் நினைவில் நிற்கும். அடுத்த நாள் மறுப்பு இரு மடங்காகும். எவ்வளவு முயன்றும் அடங்காத குதிரைக்கு அமைதிப்படுத்தும் மருந்து உண்டு. அது வைத்தியர் கையால் மட்டுமே கொடுபட வேண்டியது.

உள்ளே நிற்கும் நேரமும் முக்கியம்

வாசலைத் திருத்தினால் மட்டும் போதாது. உள்ளே கழியும் இருபத்து மூன்றரை மணி நேரமும் சகிக்கக் கூடியதாய் இருந்தால்தான் குதிரை விரும்பி உள்ளே போகும்.

வெளியில் விடப்பட்ட குதிரை நாளின் பெரும் பகுதியை, சில வேளை 16 மணி நேரம்வரை, மேய்வதிலேயே கழிக்கும். அதன் இரைப்பை சிறியது; அமிலமோ இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே இரு வேளை பெருந்தீனி போட்டுவிட்டு மிகுதி நேரம் வெறும் வயிற்றுடன் நிறுத்தினால் இரைப்பையில் புண் உண்டாகும், வயிற்றுக்குத்தும் வரும். உலர்புல்லைச் சிறிது சிறிதாகப் பல தடவை போட வேண்டும். கண் நெருக்கமான வலைப் பையில் கட்டித் தொங்கவிட்டால் மெல்ல மெல்ல இழுத்துத் தின்று பொழுது போக்கும். 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ உலர்புல் அளவாகும். நுவரெலியாவின் ஈரப்பதனில் புல் இலகுவில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததைத் தொடவே விடக் கூடாது.

தானியத் தீனியை வேலை நின்ற அன்றே குறைத்துவிட வேண்டும். முன்னர் ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுத்து, தீனியை மட்டும் வழமைபோலப் போடுவார்கள். மறுநாள் வேலைக்குப் பூட்டியதும் தசைகள் இறுகிக் குதிரை நடக்க மாட்டாமல் நின்றுவிடும். இதற்குத் 'திங்கட்காலை நோய்' என்றே பெயர் வழங்கியது. மிகையான தீனி லாயத்துக்குள் நிற்கும் குதிரைக்குத் துள்ளும் வேகத்தையும் கொடுக்கும்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மேற்சொன்ன எடைக்கு 12 லீற்றருக்குக் குறையாமல் தேவை; உலர்ந்த தீனி தின்னும்போது இன்னும் கூடும். நடை குறைந்த குதிரைக்கு மலம் இறுகுவது பொதுவான ஆபத்து. ஆகவே நாளுக்கு எத்தனை தடவை லத்தி போடுகின்றது என்று எண்ணி வாருங்கள். எண்ணிக்கை குறைந்தால், தீனியை வெறுத்தால், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் உடனே வைத்தியரை அழையுங்கள்.

குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது பலர் அறிந்ததே. ஆனால் ஆழ்ந்து உறங்க அது படுத்தே ஆக வேண்டும். தரை ஈரமாகவோ கடினமாகவோ இருந்தால், அல்லது பயமாக இருந்தால் அது படுக்காது. காலையில் அதன் உடம்பில் வைக்கோல் ஒட்டியிருந்தால் இரவு படுத்தது என்று மகிழலாம்.

தனிமைக்கும் ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாயத்துக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அடைபட்ட குதிரைகள் ஓயாமல் பக்கத்துக்குப் பக்கம் ஆடும் பழக்கம் அதனால் பெரிதும் குறைந்ததாக 2002 இல் வெளியிட்டனர். ஆனால் கண்ணாடி உடையாத வகையாக இருக்க வேண்டும்.

மீண்டும் அந்த வாசலில்

ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின்னர் நாம் மறுபடியும் அங்கு போனோம். நடை தொடங்கிய முதல் நாள் ராணியை உள்ளே கொண்டுபோகக் கால் மணி நேரம் சென்றதாம். மூன்றாம் நாள் வாசலில் இரு தடவை நின்று போனது. இடையில் ஒரு நாள், மழையும் இடியுமாய் இருந்த மாலையில், மீண்டும் பழையபடி பின்வாங்கியிருக்கிறது. அன்று மகன் தடியை எடுக்கவில்லை. அதனோடு மழையில் நனைந்தபடி காத்து நின்றானாம். இரண்டு வாரம் ஆகும்போது கயிறு தொய்ந்த நிலையிலேயே உள்ளே போகத் தொடங்கிவிட்டது. நாம் பார்த்த அன்று அந்தப் பையனே அதைக் கூட்டி வந்தான். வாசலில் அவன் நின்றான், குதிரையும் நின்றது. தலையைத் தாழ்த்தியது. இருவரும் உள்ளே போனார்கள்.

அப்போது ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டிருந்தது. வாவிக்கரையில் சனக்கூட்டம். ராணியின் கால் பார்வைக்கு நன்றாகவே இருந்தது, நொண்டலும் இல்லை. இருந்தும் வைத்தியர் உறுதியாகச் சொல்லிவிட்டார்: பிள்ளைகளை ஏற்றுவதற்கு இன்னும் பல மாதங்கள் செல்ல வேண்டும். மேலே ஆறியது போல் தோன்றினாலும் உள்ளே இழைகள் பலப்படவில்லை. இப்போது வேலைக்கு விட்டால் அதே இடத்தில் மறுபடியும் கிழியும்.

அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல. ஒரு குதிரையின் உழைப்பில் இரு குதிரைகளுக்கும் தீனி போட்டு வீட்டையும் நடத்த வேண்டும். பக்கத்தில் சிலர், "நடக்குதுதானே, ரெண்டு கிழமைக்கு மட்டும் விட்டுப் பாரு" என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். நாம் அது பற்றிக் கேட்டபோது உரிமையாளர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் லாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வருசமும் ஏப்ரல் வருமுங்க. இந்தக் கால் போனா வேற கால் வராது" என்றார்.

வாசகர்களே, எமது வீட்டுக் கொட்டில்களிலும் இப்படியான வாசல்கள் உண்டு. மாடு கொட்டிலுக்குள் போக மறுக்கின்றது, கழுதை பாலத்தில் ஏற மறுக்கின்றது என்று எமக்கு அடிக்கடி கோபம் வருகின்றது. அடுத்த தடவை தடியைத் தேடுமுன்னர் ஒரு காரியம் செய்து பாருங்கள். அது போக மறுக்கும் இடத்துக்குள் நீங்கள் முதலில் போய்ச் சிறிது நேரம் நில்லுங்கள். என்ன தெரிகின்றது, என்ன மணக்கின்றது, எது இடிக்கின்றது என்று பாருங்கள். திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு வந்து, பிறகு கயிற்றைப் பிடியுங்கள்.